ரப்பர் தளிரில் வெள்ளைப் பொடி: டெல்லிக் குளிரைப் பார்த்துக் கந்தகம் தூவலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் 2 ஏக்கர் ரப்பர் இருக்கிறது. தை மாதம் தளிர் விடும்போது ஒரு வருடம் மூடுபனி, இன்னொரு வருடம் மழை. தளிரில் வெள்ளைப் பொடி படிந்து இலை கொட்டுகிறது. டெல்லியில் குளிரலை என்று செய்தி வந்தால் நமக்கு மழையா, பனியா? அதை வைத்துக் கந்தகம் தூவலாமா?

பதில்: டெல்லிக் குளிரை வைத்து நாள் குறிக்காதீர்கள். அது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் கலக்கம் என்ற காற்றுச் சுழற்சி இமயமலையில் பனி கொட்டிவிட்டுப் போனபின் இறங்கும் வறண்ட வாடை. அந்த வறட்சி நம் பக்கம் எட்டினால் மேகமில்லாத இரவும் விடியற்காலை மூடுபனியும்தான் கிடைக்கும்.

நமக்கு மழை தரும் குளிர் வேறு வழியில் வருகிறது. சைபீரியாவில் தேங்கிய குளிர்காற்று அவ்வப்போது தென்சீனக் கடல் வழியாகப் பூமத்திய ரேகைப் பக்கம் பாய்ந்து, மலேசியா, இந்தோனேசியா அருகே இடிமேகங்களைக் கிளப்பிவிடும். அங்கே உருவாகும் சுழற்சிகளில் சில மேற்கே நகர்ந்து இலங்கையைத் தாண்டிக் குமரிக்கடலுக்கு வந்துசேரும்.

வானில் வெகு உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று நம் கடல் புயலைத் திருப்பவும் செய்யும். 2017 நவம்பர் 30 அன்று நம் ரப்பரையும் வாழையையும் முறித்துப்போட்ட ஒக்கி, அரபிக்கடலில் குஜராத் பக்கம் வளைந்து வலுவிழந்தது அப்படித்தான். பதிலுக்கு நம் பக்கத்து மேகங்களும் சும்மா இருப்பதில்லை. 30 முதல் 60 நாளில் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கு நோக்கி உலகைச் சுற்றும் பெரிய மழைமேகக் கூட்டமான மேடன்-ஜூலியன் அலைவு இந்தியப் பெருங்கடலில் இருக்கும்போது இங்கே மழை வாய்ப்பு கூடும். அந்த மேகங்கள் மேலே விடும் வெப்பம் மேலைக்காற்றை வளைத்து வட அமெரிக்கக் குளிரைக்கூட மாற்றும்! இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழன்தோறும் வெளியிடும் நீண்ட நாள் முன்னறிவிப்பில் அலைவு எங்கே நிற்கிறது என்று இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சரி, கந்தகத்துக்கு வருவோம். மழை வந்தால் தூள் கழுவிப் போய்விடும். மழையில்லாத, பனி விழும் வாரமே தூவ ஏற்றது. அந்த வெள்ளைப் பொடி ஒரு பூஞ்சை நோய், அது பரவுவதும் பனியில்தான். தளிர் விடத் தொடங்கியதுமே ஆரம்பியுங்கள், பொடி படிந்தபின் தூவிப் பயன் குறைவு. உங்கள் 2 ஏக்கருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 9 முதல் 11 கிலோ, பத்து நாள் இடைவெளியில் 3 முதல் 5 தடவை. இலையில் ஈரம் இருக்கும்போதே, காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள், பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. அப்புறம், தோட்டத்தில் யாராவது தேனீப் பெட்டி வைத்திருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இளம் ரப்பர் இலைக்காம்பில் தேன் சுரப்பதும் இதே சமயத்தில்தான்.