இடுப்பில் துப்பாக்கியோடு வரும் வாடிக்கையாளர்

கேள்வி: நானும் கணவரும் டெக்சஸில், டல்லாஸை ஒட்டிய ஓர் ஊரில் சின்ன டிபன் கடை நடத்துகிறோம். போன மாதம் ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கி வெளியே தெரிய உள்ளே வந்தார். மசால் தோசை கேட்டார், சாப்பிட்டார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் இரண்டு குடும்பங்கள் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டன. கவுன்டரில் நிற்கும் பெண் அழுதுவிட்டாள். போலீஸைக் கூப்பிட்டிருக்க வேண்டாமா என்றால், “இங்கே அது சட்டப்படி சரிதான், நாம் ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார் கணவர். எங்களோடு தங்கியிருக்கும் என் தம்பி எச்-1பி விசாவில் இருக்கிறான். “நானே ஒன்று வாங்கித் தருகிறேன், கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறான். பள்ளி விட்டதும் பிள்ளைகள் இருவரும் கடைக்குத்தான் வருவார்கள். நான் என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், டெக்சஸ்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் தம்பியின் யோசனையை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என்று சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைக் கேட்காமல் உங்கள் தம்பி துப்பாக்கிக் கடை வாசலை மிதிக்கக் கூடாது. அவர் வாங்கி உங்களிடம் தரலாம் என்பதும் நடக்காது. கடையில் நிரப்பித் தரும் படிவத்தில், உண்மையில் யாருக்காக வாங்குகிறோம் என்பதற்குப் பதில் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு வைத்திருப்பவரையே நாடு கடத்த முடியும். உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்லியிருக்கிறார், புரிகிறது. அதற்கு அவர் தன் எதிர்காலத்தையே விலையாகக் கொடுக்க வேண்டி வரலாம்.

அதோடு, கல்லாவுக்குக் கீழே என்கிறார். அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதானே உங்கள் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவார்கள்? தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குப் போய்விட்டால், டெக்சஸிலேயே அது குற்றம்தான். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இனி உங்கள் கணவர் சொன்னது. அதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு.

டெக்சஸில் ரைஃபிளை வெளியே தெரிய எடுத்துச் செல்ல லைசென்ஸ் தேவைப்பட்டதில்லை. கைத்துப்பாக்கி விஷயம் வேறு. லைசென்ஸ் வைத்திருந்தாலும் அதை மறைத்துத்தான் வைத்திருக்க வேண்டும் என்ற நிலை, 2016 ஜனவரி 1 அன்று மாறியது. 2021 செப்டம்பர் 1 முதல், துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடையில்லாத, 21 வயது நிரம்பிய எவரும் லைசென்ஸ் இல்லாமலேயே உறையில் போட்டு வெளியே தெரிய அணியலாம். ஆகவே அந்த மனிதர் தெருவில் நடந்து வந்ததில் குற்றம் எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் கடை தெரு அல்ல. அதற்குள் துப்பாக்கி வரலாமா கூடாதா என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பெரிய பெரிய நிறுவனங்களே இந்த உரிமையைப் பயன்படுத்தியிருக்கின்றன. 2013, 2014 ஆண்டுகளில் துப்பாக்கி உரிமைக்காரர்கள் கும்பலாக ரைஃபிள்களைத் தோளில் மாட்டிக்கொண்டு உணவகங்களுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதையொட்டி ஸ்டார்பக்ஸ், சிபோட்லே, டார்கெட் எல்லாம் ‘தயவுசெய்து எடுத்து வராதீர்கள்’ என்று கேட்டுக்கொண்டன. டெக்சஸின் சொந்த பர்கர் கடையான வாட்டாபர்கர், கைத்துப்பாக்கிச் சட்டம் அமலுக்கு வரும் முன்பே, 2015லேயே, வெளிப்படையாக அணிந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2019 ஆகஸ்டில் எல் பாசோ வால்மார்ட்டில் நடந்த படுகொலைக்கு அடுத்த மாதம் வால்மார்ட்டும் அப்படியே கேட்டுக்கொண்டது. துப்பாக்கிப் பிரியர்கள் நிறைந்த மாநிலத்தில் வியாபாரம் செய்பவர்கள் இவர்கள். நீங்கள் மட்டும் தயங்க வேண்டியதில்லை.

எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லைசென்ஸ் உள்ளவரை அது கட்டுப்படுத்தாது. டெக்சஸ் தண்டனைச் சட்டத்தில் இதற்கு மூன்று பிரிவுகள் இருக்கின்றன: லைசென்ஸ் இல்லாமல் எடுத்து வருபவருக்கு 30.05, லைசென்ஸோடு மறைத்து வருபவருக்கு 30.06, லைசென்ஸோடு வெளியே தெரிய வருபவருக்கு 30.07. ஒவ்வொன்றுக்கும் தனி வாசகம் உண்டு. அதை ஒரு சொல் மாற்றாமல் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறத்தில் எழுதி ஒவ்வொரு வாசலிலும் வைக்க வேண்டும். வெளியே தெரிய அணிவது மட்டும் கூடாது என்றால் 30.05, 30.07 இரண்டும் வேண்டும். எந்தத் துப்பாக்கியும் வேண்டாம் என்றால் மூன்றும் வேண்டும். பலகையை மீறி நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். நேரில் சொன்ன பிறகும் வெளியேற மறுத்தால் 4,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

பலகை இல்லாத நாளிலும் வாயால் சொல்வது செல்லும். “ஐயா, எங்கள் கடையில் துப்பாக்கி அனுமதிப்பதில்லை. வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள், உங்கள் தோசை தயாராக இருக்கும்” என்று உங்கள் கணவர் சொல்லியிருக்கலாம். பெரும்பாலானவர்கள் முணுமுணுத்தாவது போய் வைத்துவிட்டு வருவார்கள். முரண்டு பிடிப்பவரிடம் வாதம் வேண்டாம். உள்ளே போய் போலீஸைக் கூப்பிடுங்கள். அப்போது நீங்கள் புகார் செய்வது, போகச் சொல்லியும் போகாததைப் பற்றி. அதில் அவர்கள் நடவடிக்கை எடுக்க முடியும்.

அன்றைக்கே கூப்பிட்டிருந்தால்? போலீஸால் செய்யக்கூடியது குறைவு. ஒஹையோவின் டொலிடோ நகரில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு நாயை நடத்திக்கொண்டு போனார். யாரோ அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிட, போலீஸ் அவரைப் பிடித்து விலங்கு மாட்டியது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், வெளியே தெரிய எடுத்துச் செல்வது சட்டபூர்வமாக உள்ள மாநிலத்தில் துப்பாக்கி தெரிகிறது என்பது மட்டுமே ஒருவரைப் பிடித்து வைக்கக் காரணமாகாது என்று 2015இல் தீர்ப்பு வந்தது.

அதற்காக போலீஸைக் கூப்பிடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2015 அக்டோபர் 31 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு பெண் பக்கத்தில் ரைஃபிளோடு ஒருவன் திரிவதைப் பார்த்து 911-ஐக் கூப்பிட்டார். இந்த மாநிலத்தில் அப்படி எடுத்துச் செல்ல அனுமதி உண்டு என்று மறுமுனையில் விளக்கினார்கள். சற்று நேரத்தில் அவன் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றான். இதற்கு நேர் மாறானதும் நடந்திருக்கிறது. 2014 ஆகஸ்டில் ஒஹையோவின் பீவர்கிரீக் வால்மார்ட்டில், 22 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் கடை அலமாரியிலிருந்தே எடுத்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆட்களை நோக்கி அதை நீட்டுகிறார் என்று ஒருவர் 911-இல் சொன்னார். வந்த போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. அதுவும் துப்பாக்கியை வெளியே தெரிய எடுத்துச் செல்ல அனுமதி உள்ள மாநிலம்தான்.

இந்த இரண்டு அழைப்புகளையும் மனதில் வைத்துப் பேசுங்கள். துப்பாக்கி உறையில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா, அவர் என்ன செய்கிறார், கத்துகிறாரா, யாரையாவது மிரட்டுகிறாரா என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். பயத்தில் ஒரு வார்த்தையும் கூட்டாதீர்கள். மற்றவர்களை மிரள வைக்கும் நோக்கத்தோடு பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டுவது டெக்சஸில் குற்றம். அவர் கை துப்பாக்கியை நோக்கிப் போனால் யோசிக்காமல் எல்லோரையும் சமையலறைப் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். தொப்பி வைத்த வெள்ளைக்கார விவசாயிக்கு ஒரு விதி, கறுப்பின இளைஞருக்கு வேறு விதி என்று உங்கள் கடையில் இருக்கக் கூடாது. பலகையில் எழுதிவிட்டால் அது எல்லோருக்கும் பொது. யாரைப் பார்த்துப் பயப்படுவது என்று அந்தந்த நேரத்தில் முடிவு செய்யும் சுமையும் உங்களுக்குக் குறையும்.

ஊரில் நாம் வளர்ந்தபோது துப்பாக்கியை வங்கி வாசல் காவலாளியிடமும் போலீஸிடமும்தான் பார்த்தோம். அதனால் உங்களுக்கு வந்த பயத்தில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. எழுந்து போன அந்த இரண்டு குடும்பங்களுக்கும் அதே பயம்தான்.

அந்தக் கவுன்டர் பெண்ணிடம் இந்த வாரமே உட்கார்ந்து பேசுங்கள். துப்பாக்கியோடு வருபவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வது உங்கள் கணவரின் வேலையா உங்கள் வேலையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள், அவள் வேலை அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் இருவரும் இல்லாத நேரத்தில் அப்படி யாராவது வந்தால், வாயைத் திறக்காமல் உள்ளே போய் உங்களுக்குப் போன் செய்தால் போதும் என்றும் சொல்லுங்கள்.