மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் 2 மணி நேரம் வைத்தும் பையன் நள்ளிரவு வரை லேப்டாப்பில் இருந்தால்

ஃபேமிலி சேஃப்டி என்பது பிள்ளைகளின் கணினி நேரத்தைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் மைக்ரோசாஃப்ட் சேவை. அதில் நீங்கள் வைத்த நேரக் கட்டுப்பாடு லேப்டாப்புக்கு இல்லை, அவனுடைய மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு. அவன் வேறு கணக்கில் நுழைந்தால் அது வேலை செய்யாது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடைக்காரர் வைத்த லோக்கல் கணக்கிலேயே (மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேராமல் அந்த லேப்டாப்பில் மட்டும் இருப்பது) பையன் உட்கார்ந்திருப்பான்.

அவன் வழக்கமாக நுழையும் கணக்கில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், யுவர் இன்ஃபோ போய்ப் பாருங்கள். பெயருக்குக் கீழே 'லோக்கல் அக்கவுன்ட்' அல்லது 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் காரணம் அதுதான். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை, அதாவது லேப்டாப்பின் எல்லா அமைப்புகளையும் மாற்றும் உரிமை, கையில் இருந்தால் புதுக் கணக்கே உருவாக்கிக்கொள்ளலாம்.

1. ஃபேமிலி சேஃப்டியின் குடும்பக் குழுவில் நீங்கள் சேர்த்த அவனுடைய மின்னஞ்சலை வைத்தே நுழையச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை அட்மின் உரிமை இல்லாத 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக்குங்கள்.
2. பழைய கணக்கில் அவன் பள்ளிக் கோப்புகள் இருக்கும். நகலெடுத்த பிறகே நீக்குங்கள்.
3. உங்கள் கணக்கில் நுழையும் பின் நம்பரை (PIN) மாற்றுங்கள். நீங்கள் தட்டும்போது பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள்.

ஒன்று கவனியுங்கள்: ஃபேமிலி சேஃப்டியின் இணைய வடிகட்டி மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில்தான் இயங்கும். அதை இயக்கினால் குரோம் முதலிய பிரவுசர்கள் தடைபடும். ஆன்லைன் வகுப்புக்குக் குரோம் வேண்டுமென்றால் முதலில் யோசியுங்கள்.

செய்யும்போது அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். தெரியாமல் கண்காணித்தால், யாராவது இணையத்தில் மிரட்டும்போதுகூட உங்களிடம் வரத் தயங்குவான்.