கேள்வி பதில்: வண்டு விட்ட கதையும் செயற்கை நுண்ணறிவும்

கேள்வி: கோலாலம்பூரில் கணினித் துறையில் படிக்கும் என் பேரன், செயற்கை நுண்ணறிவால் மனித குலமே அழிய 5 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது என்கிறான். நூற்றுக்கு ஐந்துக்காக இவ்வளவு அச்சம் தேவையா?
— ஓய்வுபெற்ற தோட்ட மண்டோர், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் பேரன் சொல்லும் எண், 2023இல் இத்துறை ஆய்வாளர்கள் 2,778 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் வந்ததாக இருக்க வேண்டும். மழைமானியில் அளந்து சொல்வதைப்போல அளந்த எண் அன்று அது, அறிந்தவர்களின் ஊகம்தான். அறிந்தவர்களும் ஒத்துப்போவதில்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடிப்படையான நரம்பியல் வலைப்பின்னல் ஆய்வுக்காக, கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதை 2018ஆம் ஆண்டுக்குப் பகிர்ந்துகொண்ட மூவரில், ஜெஃப்ரி ஹிண்டனும் யோசுவா பெஞ்சியோவும் இந்த ஆபத்தைக் கொள்ளைநோய்க்கும் அணுஆயுதப் போருக்கும் நிகராகக் கருத வேண்டும் என்ற 2023 மே மாத அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். மூன்றாமவரான யான் லெக்கூன் இந்த அச்சம் மிகையானது என்கிறார்.

எனவே விழுக்காட்டை ஓரமாக வைத்துவிட்டு, தவறு நேர்ந்தால் திருத்த வழியுண்டா என்று பார்ப்பதே சரி என நினைக்கிறேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) பூக்களுக்குப் பெண்கள் கையால் மகரந்தம் தூவிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். (என் அம்மாவும் அந்த வேலைக்குப் போனவர்தான், மகரந்தத்தோடு கலந்த டால்கம் தூள் மூக்கில் ஏற, வீடு திரும்பிய பிறகும் தும்மிக்கொண்டிருப்பார்.) கெமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் வெளியே விட்ட ஒரு சிறு வண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. ஆனால் காட்டில் பறக்கவிட்ட பூச்சியை மறுபடி பெட்டியில் அடைக்க முடியாது என்பதால், அது மற்றப் பயிர்களில் வாய்வைக்குமா என்று முன்கூட்டியே அடைத்துவைத்துச் சோதித்த பின்னரே அதை வெளியே விட்டார்கள். வாய்ப்பு குறைவு என்று சொல்லி யாரும் அந்தச் சோதனையைத் தவிர்க்கவில்லை.

செயற்கை நுண்ணறிவில் அதே சோதனை இரண்டு இடங்களில் இடறுகிறது. வண்டுக்குத் தான் சோதிக்கப்படுவது தெரியாது. சில செயற்கை நுண்ணறிவு மாதிரிகளோ (அரட்டைச் செயலிகளை இயக்கும் நிரல்களோ), தாம் கண்காணிக்கப்படுவதாக ஊகிக்கும்போது ஒருவிதமாகவும் இல்லாதபோது வேறுவிதமாகவும் பதிலளித்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது அடுத்தது. சோதனை முடியும்வரை வண்டை அடைத்துவைத்தவர்களுக்கு, தங்களை முந்திக்கொண்டு வேறொருவர் சோதிக்காத வண்டை அவிழ்த்துவிடுவார் என்ற பயம் இருக்கவில்லை. இன்று இதை உருவாக்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பயம் இருக்கிறது.