கேள்வி பதில்: மேலே யாருடைய பெயர்?

கேள்வி: அண்ணா, எங்கள் ஊர் ரியூஷன் சென்டருக்கு ஜாங்கோவில் (பைதன் மொழியில் இணையத்தளம் கட்ட உதவும் கருவி) ஒரு தளம் செய்திருக்கிறேன். லொகின் செய்தவரின் பெயர் எல்லாப் பக்கத்திலும் மேலே சரியாக வருகிறது. ஆனால் கணக்கு சேர் ஒரு பிள்ளையின் விவரப் பக்கத்தைத் திறந்தால் மேலே அந்தப் பிள்ளையின் பெயர் வந்துவிடுகிறது, மறுகா வேறு பக்கத்துக்குப் போனால் திரும்பவும் சேரின் பெயர். லொகினே மாறிப்போகிறதா?
வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: லொகின் மாறவில்லை தம்பி, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். டெம்ப்ளேட்டில், அதாவது பக்கத்தின் அச்சில், நீங்கள் போட்டிருக்கும் 'யூசர்' என்ற பெயருக்கு அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு பேர் உரிமை கேட்கிறார்கள். பொதுவான தகவல்களை டெம்ப்ளேட்டுகளுக்குச் சேர்த்துவிடும் ஜாங்கோவின் கான்டெக்ஸ்ட் ப்ராசஸர் லொகின் செய்தவரை 'யூசர்' என்று எல்லா டெம்ப்ளேட்டுக்கும் கொடுக்கிறது. விவரப் பக்கத்துக்கு நீங்கள் டீட்டெயில் வியூ பாவித்திருப்பீர்கள் (வியூ என்றால் பக்கத்தைத் தயார் செய்து தரும் நிரல், டீட்டெயில் வியூ ஒரு பொருளின் விவரத்தைக் காட்ட ஜாங்கோ தருவது), அது மாடலின், அதாவது தரவு அமைப்பின், பெயரைச் சின்ன எழுத்தில் எடுத்துத் தன் பொருளுக்கு வைத்துவிடும். மாடலின் பெயரும் யூசர் என்பதால் அந்தப் பிள்ளையும் 'யூசர்' ஆகிவிடுகிறது, இரண்டும் மோதும்போது வியூ கொடுத்ததுதான் நிற்கும்.

வியூவில் 'கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட் நேம்' என்பதற்கு 'மாணவர்' என்ற பொருளில் வேறு ஒரு பெயர் கொடுங்கள். அதோடு எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான பேஸ் டெம்ப்ளேட்டில் வெறும் 'யூசர்' என்பதை எடுத்துவிட்டு 'ரிக்குவெஸ்ட்.யூசர்' என்று போடுங்கள், அது எப்போதும் லொகின் செய்தவரைத்தான் குறிக்கும், அதை இந்த மோதல் தொடாது. (புதுப் ப்ராஜெக்ட் தொடங்கும்போதே அதற்கான ப்ராசஸர் செட்டிங்ஸில் இருக்கும்.) இரண்டையும் செய்யச் சொல்லுவேன், ஒன்றோடு நிறுத்தவேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிழையாகத் தெரிகிற பெயரை விடப் பெரிய ஆபத்து அதற்குக் கீழே இருக்கிறது. பேஸ் டெம்ப்ளேட்டில் 'யூசர் ஸ்டாஃப் என்றால் புள்ளி திருத்தும் பொத்தானைக் காட்டு' என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் ஒரு பிள்ளை சேரின் விவரப் பக்கத்தைத் திறந்த உடனே அந்தப் பொத்தான் பிள்ளைக்குத் தெரியும். அழுத்தினால் என்ன நடக்கும் என்பது வியூவின் கையில். அங்கே 'லொகின் செய்திருக்கிறாரா' என்று மட்டும் பார்த்தால் பிள்ளையும் லொகின் செய்தவர்தானே, உள்ளே போய்விடும். பொத்தானை மறைப்பது பூட்டுப் போடுவது ஆகாது. ஸ்டாஃபா இல்லையா என்பதைத் திருத்துகிற வியூவிலேயே ரிக்குவெஸ்ட்.யூசரை வைத்துப் பாருங்கள், இன்றைக்கே பாருங்கள், பிள்ளைகளின் புள்ளி விளையாட்டு இல்லை.

கேள்வி: என் தளத்தில் முழுப்பெயர் காட்டினால் 'ஏ.எல்.எம்.' என்கிற முதலெழுத்துகள் பெயருக்குப் பின்னால் போய் நிற்கின்றன. சிலருக்கு ஒன்றுமே வருவதில்லை.
வாசகி, சம்மாந்துறை

பதில்: ஜாங்கோவின் 'கெட் ஃபுல் நேம்' முதற்பெயர், ஒரு இடைவெளி, கடைசிப்பெயர் என்று ஒட்டித் தரும், அவ்வளவுதான். நம் பக்கத்துப் பெயர்களை அந்த இரண்டு பெட்டிக்குள் பிரித்துப் போடச் சொன்னால் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக நிரப்புவார்கள், இரண்டையும் வெறுமையாக விட்டவருக்கு வெறுமைதான் வரும். வருகிற ப்ராஜெக்ட் என்றால் தொடக்கத்திலேயே சொந்த யூசர் மாடல் வைத்து 'முழுப்பெயர்' என்று ஒரே பெட்டி கொடுங்கள், எழுதுகிறவர் எழுதுகிறபடி எழுதட்டும். ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் யூசர் மாடலை மாற்றுவது பெரிய தலைவலி. அதனால் ஒன்றுக்கு ஒன்று தொடர்புள்ள ஒரு ப்ரொஃபைல் மாடல் சேர்த்துப் பெயரை அதில் வையுங்கள், அது காலியாக இருந்தால் யூசர்நேமைக் காட்டுங்கள்.