ஹான்ஸ் கியூங் இழந்தது என்ன?

வணக்கம் ஐயா,

போன வாரக் கட்டுரையில் இறையியலாளர் ஹான்ஸ் கியூங்கைக் ‘கத்தோலிக்கக் குரு’ என்று எழுதியிருந்தீர்கள். போப்பின் வழுவாவரத்தை, அதாவது விசுவாசக் கோட்பாட்டை அறுதியாக வரையறுக்கும்போது அவர் தவற மாட்டார் என்ற போதனையை, கேள்வி கேட்டதற்காக அவரைத் திருச்சபையிலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்றல்லவா படித்திருக்கிறேன்? வேலையும் போன மனிதர் அத்தனை நூல்களை எங்கே உட்கார்ந்து எழுதினார்?

அருள்

அன்புள்ள அருள்,

அவரை யாரும் நீக்கவில்லை. 1954-ல் ரோமில் குருப்பட்டம் பெற்றவர், 2021 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் இறக்கும்வரை குருதான். 1979 டிசம்பரில் வத்திக்கான் பறித்தது, கத்தோலிக்க இறையியலாளராகக் கற்பிக்கும் உரிமையை மட்டும்.

வேலையும் போகவில்லை. ஜெர்மனியில் கத்தோலிக்க இறையியல் புலங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே இருக்கின்றன. சம்பளம் அரசு தருகிறது. ஆனால் அங்கே பாடம் எடுக்க ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். அனுமதி போனால் புலத்தில் இருக்க முடியாது, அரசுப் பேராசிரியர் என்பதால் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. கியூங் வேலை பார்த்த டூபிங்கன் பல்கலைக்கழகம் ஒரு வழி கண்டுபிடித்தது. கியூங் நடத்திவந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆய்வு நிறுவனத்தைப் புலத்திலிருந்து பிரித்துப் பல்கலைக்கழகத்தின் நேரடிப் பொறுப்பில் வைத்துக்கொண்டது. 1996-ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். சொல்லப்போனால் உரிமை பறிபோன பிறகுதான் அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடியது.

வழுவாவரம் பற்றிய 1970 நூல்தான் அவருக்குப் பெயரும் வம்பும் தந்தது. எனக்கு அதைவிட 1957-ல் வெளிவந்த அவருடைய முனைவர் பட்ட ஆய்வு பெரிது. மனிதன் கடவுள்முன் நீதிமானாவது எப்படி, விசுவாசத்தால் மட்டுமா? 16-ஆம் நூற்றாண்டில் சபையை இரண்டாக்கிய கேள்வி இது. சீர்திருத்த மரபின் பெரும் இறையியலாளர் கார்ல் பார்த் ஒரு பக்கம், சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதருக்கு மறுமொழியாகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் வகுத்த போதனை மறுபக்கம். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த கியூங், சபையைப் பிரிக்கும் அளவுக்கு அடிப்படையில் வேறுபாடு இல்லை என்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

பார்த் அதைப் படித்துவிட்டு எழுதிய கடிதம் நூலின் முகப்பிலேயே இருக்கிறது. என் கருத்தைச் சரியாகவே சொல்லியிருக்கிறீர்கள் என்கிறார். ரோமாபுரியின் போதனையும் நீங்கள் சொல்வதுதான் என்றால், திரெந்து நகரில் அந்தச் சங்கம் கூடிய கோயிலுக்கு ஏற்கெனவே இருமுறை போயிருக்கிறேன், மூன்றாம் முறை ஓடிப்போய் ‘தந்தையரே, பாவம் செய்தேன்’ என்று சொல்ல வேண்டியதுதான் என்கிறார். அந்த ‘என்றால்’ முக்கியம். கிழவர் குறும்புக்காரர், முழுசாகப் பிடிகொடுக்கவில்லை.

இதே கேள்வியில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டது 1999 அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க்கில். அதற்குக் கியூங் மட்டும் காரணமில்லை, பலர் பல்லாண்டு உழைத்தார்கள். ஆனால் அந்த ஆய்வை விட்டுவிட்டு அவரை வெறும் கலகக்காரராகப் பார்ப்பது அநியாயம். கலகக்காரர் பட்டத்தை அவரும் ரசித்தார் என்பது வேறு விஷயம். மூன்று தொகுதி தன்வரலாற்றில் அடக்கத்தைத் தேடவேண்டும்.

பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆன இறையியலாளர் ராட்சிங்கரை 1966-ல் டூபிங்கனுக்கு வரவழைத்ததே கியூங்தான். அப்புறம் இருவருக்கும் ஆகாமல் போனது. 2005-ல் ராட்சிங்கர் போப் ஆன சில மாதங்களில், கியூங் கேட்டவுடன் அவரை அழைத்து மணிக்கணக்கில் பேசினார். பழைய கோட்பாட்டுச் சண்டைகளை எடுப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். கியூங்குக்குக் கற்பிக்கும் உரிமை கடைசிவரை திரும்பவில்லை.

படிக்கத் தொடங்குவதானால் கிறிஸ்தவராக இருப்பது பற்றி அவர் 1974-ல் எழுதிய பெரிய நூலை எடுங்கள். வழுவாவரம் அப்புறம்.

அன்புடன்
ம.