அப்பாவின் ஸ்கேனும் அவருடைய நடையும்

கேள்வி: ரப்பர் தோட்டத்துக்குத் தினமும் நடந்தே போய்வந்த என் அப்பாவுக்கு (74) மறதி கூடிவிட்டது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘வயது சார்ந்த மூளைச் சுருக்கம், மூளை அறைகள் விரிவு’ என்றுள்ளது. பாட்டிக்கு முதுமையில் ஆல்சைமர் இருந்தது. திருவனந்தபுரத்தில் பெட் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகுமா? பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மறதி நோய்க்காக எழுதிய டோனெபெசில் மாத்திரையை வாங்கிக் கொடுத்து வருகிறோம். ஆறு மாதமாக நடையும் தளர்ந்திருக்கிறது; சிறுநீரையும் அடக்க முடிவதில்லை.
– வாசகி, தக்கலை

பதில்: பாட்டிக்கு வந்தது அப்பாவுக்கும் வந்தே தீரும் என்று அஞ்ச வேண்டாம், முதுமையில் தொடங்கும் ஆல்சைமரில் பரம்பரை, வாய்ப்பைச் சற்றுக் கூட்டுமே தவிர உறுதியாக்குவதில்லை. ‘வயது சார்ந்த சுருக்கம்’ என்பதும் ஒரு நோயின் பெயரன்று. மூளை எந்த இடத்தில் சுருங்கியிருக்கிறது என்பதையே நாங்கள் படத்தில் தேடுகிறோம்: ஆல்சைமரில் பெரும்பாலும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி முந்திச் சுருங்கும், நடத்தையோ பேச்சோ முதலில் மாறும் மறதி நோய் வகையில் மூளையின் நெற்றிப் பகுதியும் பொட்டுப் பகுதியும் மெலியும், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதியில் பழைய பக்கவாதத் தழும்புகள் தெரியும். நினைவு நன்றாக இருக்கும் முதியவர்கள் பலருக்கும் பெட் ஸ்கேனில், ஆல்சைமரோடு தொடர்புடைய ‘அமிலாய்டு’ என்னும் புரதப் படிவு காணப்படுவதால், இப்போதைக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நடையும் சிறுநீரும், அவைதான் என்னைக் கவலைப்படுத்துகின்றன. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் கால்களை அகட்டிச் சிற்றடியாக நடக்கிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்று இன்றே கவனியுங்கள். அப்படியிருந்து, மூளை அறைகளும் சுருக்கத்தின் அளவுக்கு மீறி விரிந்திருந்தால், அவற்றில் நீர் தேங்கும் ‘நார்மல் பிரஷர் ஹைட்ரோசெபலஸ்’ நோயாக இருக்கலாம். கொலம்பிய மருத்துவர் சாலமன் ஹக்கிம் முதலானோர் 1965இல் விவரித்த இந்நோய், மறதி நோய்களில் சிகிச்சையால் சீராகக்கூடிய மிகச் சிலவற்றில் ஒன்று. அதை வயதின் தளர்ச்சி என்று வீட்டிலேயே முடிவுகட்டி மாதங்களைக் கடத்துவதுதான் எனக்குப் பொறுக்காதது. முதுகுத்தண்டின் வழியே 30 முதல் 50 மில்லி வரை நீரை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நடை தேறினால், ‘ஷன்ட்’ என்னும் குழாய் வைத்து நீரை வயிற்றுக்குள் வடியச் செய்யலாம். தாமதித்தால் பலன் குறையும்.

அடுத்தவருக்கு எழுதிய மாத்திரையை இனி ஒரு வேளைகூடக் கொடுக்காதீர்கள். டோனெபெசில் நாடித்துடிப்பைக் குறைக்கலாம், சிறுநீர்த் தொல்லையைக் கூட்டலாம். நடை தடுமாறும் ஒருவருக்கு இரண்டுமே ஆபத்து.

இந்த வாரமே நாகர்கோவிலில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. ஸ்கேன் படங்களையும், அப்பா முற்றத்தில் நடந்து திரும்புவதைக் கைப்பேசியில் எடுத்த காணொளியையும், நடை, சிறுநீர், மறதி மூன்றில் எது முதலில் தொடங்கியது என்ற குறிப்பையும் கொண்டுபோங்கள்.