பிற மதத்தார் கதி என்ன? கேள்விகளும் பதில்களும்

கிறிஸ்தவம் பிற மதங்களை எப்படிப் பார்க்கிறது, லிபரல் சபைகள் என்ன சொல்கின்றன என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவள், இறையியல் படித்தவள், பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இயேசுவே வழி என்று நம்புகிறேன். யார் நரகத்துக்குப் போவார் என்று பட்டியல் போடும் வேலையை ஆண்டவர் என்னிடம் கொடுக்கவில்லை என்றும் அதே உறுதியோடு நம்புகிறேன். என் பதில்களை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பாலக்கோடு வாசகர்: டீச்சர், யோவான் 14:6 தெளிவாக இருக்கிறது. இயேசு மூலமாக அல்லாமல் யாரும் பிதாவிடம் வர முடியாது. அப்புறம் விவாதம் எதற்கு?

அந்த வசனத்தை நான் ஒரு எழுத்தும் குறைக்க மாட்டேன். ஆனால் வேதத்தில் அது மட்டும் இல்லையே. அதே யோவான் முதல் அதிகாரத்தில், எந்த மனிதனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி என்று கிறிஸ்துவைச் சொல்கிறார். அப்போஸ்தலர் 10-ல் யூதரல்லாத கொர்நேலியு வீட்டில் நின்று பேதுரு, எந்த ஜனத்தில் இருந்தாலும் தேவனுக்குப் பயந்து நீதியைச் செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்கிறார். ரோமர் 2-ல் பவுல், நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) இல்லாதவர்களின் இருதயத்திலும் அது எழுதப்பட்டிருப்பதாகச் சொல்கிறார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் விவாதம் பிறக்கிறது.

ஆலன் ரேஸ் என்ற ஆங்கிலேய இறையியலாளர் 1983-ல் இந்த நிலைப்பாடுகளை மூன்றாகப் பிரித்தார். கிறிஸ்துவை அறிந்து ஏற்றவர்களுக்கு மட்டுமே மீட்பு என்பது ஒன்று. மீட்பு கிறிஸ்துவால்தான், ஆனால் அவரை அறியாதவர்களையும் அது எட்டலாம் என்பது இரண்டாவது. எல்லாப் பெரிய மதங்களும் மீட்புக்கான வழிகளே என்பது மூன்றாவது.

முதலாவதுதான் எப்போதும் திருச்சபையின் ஒரே போதனை என்று நினைக்காதீர்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், கிறிஸ்து பிறப்பதற்கு முன் வாழ்ந்த சாக்ரடீஸ் போன்றவர்களிடமும் வார்த்தையின், அதாவது கிறிஸ்துவின், விதை இருந்தது என்று எழுதினார். மூன்றாம் நூற்றாண்டின் பிஷப் சிப்ரியான், சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்றார். அவர் காலத்தில் அது பெரும்பாலும் சபையைப் பிளந்து போனவர்களைக் குறித்த பேச்சு. அதை அப்படியே எல்லா மனிதர்மீதும் ஏற்றிப் பிரசங்கித்த பீனி என்ற அமெரிக்கக் குருவை 1953-ல் ரோம் சபைநீக்கமே செய்தது. கூப்பிட்டும் அவர் ரோமுக்கு வர மறுத்தது அதற்கு நேரடிக் காரணம். பிறகு கத்தோலிக்க பிஷப்புகள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லும் 1965-லும் வெளியிட்ட ஏடுகளில், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படையலாம் என்றும், பிற மதங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றும் சொன்னது.

போச்சம்பள்ளி வாசகி: மாரியம்மன் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டில் கூழும் சோறும் கொடுத்தனுப்புகிறார்கள். வாங்கிச் சாப்பிடலாமா?

1 கொரிந்தியர் 8-ம் 10-ம் அதிகாரங்களை முழுசாகப் படியுங்கள் அம்மா. விருந்துக்குக் கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். ஆக, உங்களைப் பார்த்து விசுவாசத்தில் தடுமாறக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். சாப்பிட மனம் வரவில்லை என்றால் அன்பாகச் சொல்லிவிடுங்கள். வாங்கிக்கொண்டு குப்பையில் கொட்டுவது மட்டும் வேண்டாம். அது கொடுத்தவரை அவமதிப்பது.

பென்னாகரம் வாசகர்: லிபரல் சபைகள் எல்லாம் கிறிஸ்துவை மறுதலித்தவைதானே?

எந்தச் சபையைக் கேட்கிறீர்கள்? பைபிளை வரலாற்று முறையில் ஆராய்கிற, பெண்களை ஆயர்களாக ஏற்கிற சபையையும் லிபரல் என்கிறார்கள். அங்கே விசுவாசப் பிரமாணம் வாரந்தோறும் சொல்லப்படலாம். யூனிட்டேரியன்கள் வேறு. கடவுள் ஒருவரே, திரித்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது) இல்லை, இயேசு மனிதரான போதகர் என்பது அவர்கள் பழைய நிலைப்பாடு. அமெரிக்காவில் 1961-ல் யூனிவர்சலிஸ்டுகளோடு இணைந்த அவர்களின் அமைப்பில் இன்று கட்டாய விசுவாச அறிக்கை எதுவும் கிடையாது. பௌத்தர்களும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும்கூட உறுப்பினர்கள்.

இது வெள்ளைக்காரர் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் 1795-லேயே யூனிட்டேரியன் சபையைத் தொடங்கியவர் ஒரு தமிழர், வில்லியம் ராபர்ட்ஸ். வேலைக்காரராக இங்கிலாந்து போன இடத்தில் அவர்கள் புத்தகங்களைப் படித்து மனம் மாறியவர். மேகாலயாவின் காசி (Khasi) மலையில் 1887-ல் ஹஜோம் கிஸ்ஸோர் சிங் வேல்ஸ் மிஷனை விட்டு வந்து இதே போன்ற சபையைத் தொடங்கினார். இவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. திரித்துவத்தை விட்டால் சிலுவையில் தொங்குவது கடவுளே என்று சொல்ல முடியாமல் போகும், எனக்கு நற்செய்தியே அதுதான். ஆனால் அவர்கள் யோசித்து, விலை கொடுத்து அந்த முடிவுக்கு வந்தவர்கள். ஒருவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் கண்டனக் கூட்டம் போடாதீர்கள்.

ஓசூர் வாசகர்: டீச்சர், மூன்றாவது நிலைப்பாட்டுக்காரரான ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹிக் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பரம்பொருள் ஒன்று, மதங்கள் அதற்கு மனிதர் தந்த வெவ்வேறு பதில்கள். இதுதானே பணிவு?

பணிவு போலத் தெரிகிறது தம்பி. ஆனால் கிறிஸ்தவரிடம் திரித்துவமும், முஸ்லிமிடம் அல்லாவும், சைவரிடம் சிவனும் கடைசி உண்மை அல்ல, அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது, அது எனக்குத் தெரியும் என்று இந்தக் கொள்கை சொல்கிறது. மூன்று பேரும் சம்மதிக்காத தீர்ப்பு அது.

தருமபுரி வாசகர்: நான் சைவன். உங்களுடைய இரண்டாவது நிலைப்பாடு மட்டும் என்ன உயர்வு? கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ராஹ்னர், அறியாமலே கிறிஸ்துவின் அருளில் வாழ்பவன் என்ற பொருளில் என்னை "பெயரிடப்படாத கிறிஸ்தவன்" என்கிறார். என்னைக் கேட்டாரா?

நல்ல அடி. ஹான்ஸ் க்யூங் போன்ற கத்தோலிக்கர்களே இதே கேள்வியை எழுப்பினார்கள். ஜப்பானியத் தத்துவ அறிஞர் நிஷிதானி, உங்களைப் பெயரிடப்படாத ஜென் பௌத்தர் என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ராஹ்னரிடமே கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கு அது பெருமை என்றார் அவர். ஐயா, உங்கள் அருள்நந்தி சிவாச்சாரியாரும் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், நீங்கள் எந்தத் தெய்வத்தைக் கொண்டாலும் அந்தத் தெய்வமாக வருபவன் சிவனே என்கிறாரே? அவர் கணக்கில் நான் பெயரிடப்படாத சைவச்சி. எனக்கு வருத்தம் இல்லை. தன் கடவுள் உண்மையானவர் என்று நம்புகிறவர் அடுத்தவர் வழிபாட்டையும் அந்தக் கடவுளுக்குள் வைத்துத்தான் பார்க்க முடியும்.

ஓசூர் வாசகர்: அப்படியானால் எல்லோரும் அடுத்தவரைத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போடுகிறார்கள். இதற்கு முடிவு?

இங்கேதான் எனக்கு லெஸ்லி நியூபிகின் பிடிக்கும். 1947-ல் மதுரை-இராமநாதபுரம் பேராயரான ஆங்கிலேயர். அதற்கு முன் காஞ்சிபுரத்தில் இருந்தபோது ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதமும் யோவான் நற்செய்தியும் படித்தவர். அந்த மடத்து மண்டபத்தில் மகான்கள் வரிசையில் இயேசுவின் படமும் இருந்தது. அது இயேசுவை ஏற்றுக்கொள்வது அல்ல, இந்து உலகப் பார்வைக்குள் அவருக்கு ஓர் இடம் கொடுப்பது என்று அவர் கவனித்தார். யார் மீட்கப்படுவார் என்பதே தவறான கேள்வி என்பது அவர் முடிவு. நான் பார்த்ததை நான் சொல்கிறேன், நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், தீர்ப்பு கடவுளுடையது. எந்தக் கொள்கையாலும் இந்த உரையாடலை முன்கூட்டியே முடித்துவிட முடியாது. நீங்கள் இருவரும் இப்போது செய்துகொண்டிருப்பதே அதுதான், தொடருங்கள்.

ஊத்தங்கரை வாசகர்: கோயில் பொங்கல் சாப்பிடலாமா?

மேலே போச்சம்பள்ளி அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன்.

காரிமங்கலம் வாசகர்: கம்பெனியில் ஆயுத பூஜைப் பொரி…

அதே பதில். கேட்பதற்கு முன் மேலே படியுங்கள். பொரியைப் பற்றி இவ்வளவு பயம் இருக்கிற நமக்கு, சபைக்குள் சாதி பார்ப்பதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை என்பது எனக்கு வேதனை.

கிருஷ்ணகிரி வாசகி: நாங்கள் லுத்தரன். மற்ற சபையாரோடு சேர்ந்து இராப்போஜனம் (அப்பமும் ரசமும்) எடுக்கக் கூடாது என்கிறார்கள். இது வெறுப்பு இல்லையா?

இல்லை. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷனின் முதல் ஊழியர் நேத்தர் 1895-ல் வேலை தொடங்கியது உங்கள் கிருஷ்ணகிரியில்தான். போதனையில் ஒற்றுமை இல்லாமல் பந்தியில் ஒற்றுமை காட்டக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் உறுதியை வெறுப்பு என்று சொல்லாதீர்கள்.

அரூர் வாசகர்: என் அம்மா ஞானஸ்நானம் எடுக்காமல் இறந்துவிட்டார். அவர் நரகத்தில்தான் இருக்கிறார் என்று ஒரு போதகர் துக்க வீட்டிலேயே சொன்னார். உண்மையா?

அதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. முதல் நிலைப்பாட்டை நம்புகிறவர்களிலும் பொறுப்புள்ளவர்கள் ஒரு தனி ஆளின் பெயரைச் சொல்லித் தீர்ப்பு எழுத மாட்டார்கள். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கும் ஞானஸ்நானம் இல்லை. இன்றைக்கு நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்று ஆண்டவர் அவனிடம் பேசியது நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் அம்மாவோடு கடைசியில் என்ன பேசினார் என்று அந்தப் போதகருக்குத் தெரியாது. அம்மாவைப் படைத்தவர் உங்களைவிட அதிகமாக அவரை நேசிக்கிறார். அவர் கையில் விட்டுவிட்டு, அம்மாவுக்காக அழுங்கள், ஜெபியுங்கள். இதைப் படிக்கிற ஊழியக்காரர்களே, துக்க வீட்டில் பட்டியல் போடாதீர்கள்.

பர்கூர் வாசகி: நான் ஆர்.சி., அவர் இந்து. மதம் மாறாமல் கல்யாணம் செய்ய முடியுமா?

முடியும். கத்தோலிக்க தேவாலயத்தில் என்றால் பிஷப்பின் அனுமதி வேண்டும், பங்குத் தந்தையைப் பாருங்கள். உங்கள் விசுவாசத்தைக் காப்பதாகவும் பிள்ளைகளைத் திருச்சபையில் வளர்க்க முயல்வதாகவும் நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதிவுத் திருமணம் என்றால் 1954-ம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் அறிவிப்பு. மற்றதை இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசுங்கள்.